'அங்கேயும் ஆடுச்சா?' - ஒரு மார்கழிக் காலை... இரண்டரை மணி நேரம்... விஞ்ஞானிகளால் மறக்க முடியாத நிலநடுக்கம்!

மார்கழி மாதத்துக் காலை ஆறரை மணிக்கு ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும்? பனி இன்னும் முழுசாக விலகியிருக்காது. வாசல்களில் கோலம் போட்டு முடித்து, நடுவில் சாண உருண்டையில் பூசணிப்பூ செருகியிருப்பார்கள். எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். அடுப்படிகளில் இரண்டாவது காபிக்குப் பால் பொங்கிக்கொண்டிருக்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது. அடையவளஞ்சான் வீதியில் இருக்கும் எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியில், தவலையில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் மெல்லத் தளும்பியது. வெளியே லாரி போகிறது என்று நினைத்துக்கொண்டார் பாட்டி. எனக்கு அப்போது மூன்று வயது. கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

ஏழு மணிக்கு போன் வந்தது. வேலை விஷயமாக நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த என் மாமா.

"அம்மா, இங்க கட்டில் ஆடுச்சு. அங்கேயும் ஆடுச்சா?"

"தவலைத் தண்ணி தளும்புச்சுடா. நான் லாரின்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பாட்டி வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். மாமா, "கீழே டீக்கடை திறந்துட்டாங்க, போய்க் குடிக்கணும்" என்றார். போன் வைக்கப்பட்டது.

அந்த நேரத்தில் கடல் புறப்பட்டுவிட்டிருந்தது. நாகப்பட்டினம் கரைக்கு அது வந்து சேர இன்னும் சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. போனின் இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு அது தெரியாது.

மாமா எட்டேகால் மணிக்குத் திருவாரூர் பஸ் ஏறிவிட்டதால் தப்பித்தார். அவருக்கு அன்று காலை டீ போட்டுக்கொடுத்தவர் தப்பிக்கவில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. 'கட்டில் ஆடினால் கடல் வரும் என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாதா?' என்ற கேள்வி மட்டும் எங்கள் வீட்டில் அவ்வப்போது எழும். பதில் தேடி, நிலநடுக்கங்களை நேரில் சந்தித்த விஞ்ஞானிகள் பதிவுசெய்து வைத்திருக்கும் அனுபவங்களைப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களால் நம்மிடம் சொல்ல முடியவில்லை. அதுதான் அவர்களையும் இன்றுவரை உறுத்துகிறது.

சாலையிலேயே உட்கார்ந்துவிட்டவர்!

பூமி ஆடுவது ஒரு நிலவியல் விஞ்ஞானிக்கு எப்படி இருக்கும்? பயம்தான் முதலில் வரும் என்று நாம் நினைப்போம். 1906 ஏப்ரல் 18-ம் தேதி அதிகாலை சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் புரட்டிப் போட்டபோது, பக்கத்து ஊரான பெர்க்லியில் தூங்கிக்கொண்டிருந்தார் குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர். கட்டில் ஆடி விழிப்பு வந்ததும் தனக்குத் தோன்றியது கலப்படமில்லாத சந்தோஷம்தான் என்று பிறகு எழுதினார்! ஆயுள் முழுக்க நிலத்தைப் படித்தவருக்கு, அது அசைவதை ஒருமுறையாவது நேரில் உணர வேண்டும் என்ற ஆசை இருந்திருக்கிறது.

நம் நாட்டிலும் அப்படி ஓர் அனுபவப் பதிவு உண்டு. 1897 ஜூன் 12, மாலை ஐந்தேகால் மணி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஸ்மித் என்ற ஆங்கிலேயர் ஷில்லாங்கில் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். பக்கத்தில் இடி இடிப்பதுபோல ஓர் உறுமல். அடுத்த சில விநாடிகளில் நிற்கவே முடியவில்லை. அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். கெட்டியான தரை, களியைப்போல நாலாபக்கமும் நடுங்குவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டமாயின. இந்திய வரலாற்றின் மிகப்பெரிய நிலநடுக்கங்களில் ஒன்று அது.

அந்த நிலநடுக்கத்தை விரிவாக ஆராய்ந்து பெரிய அறிக்கை எழுதியவர், அதே துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அந்த ஆய்வு வழியாகத்தான், நிலநடுக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு அலைகள் வருகின்றன என்பதை அவர் பிரித்துக் காட்டினார். வேகமாக வந்து 'டக்'கென்று தட்டுவது முதல் அலை. கொஞ்சம் தாமதமாக வந்து ஆட்டுவது இரண்டாம் அலை. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கும் எச்சரிக்கைக் கருவிகளுக்கு அடிப்படை இந்த உண்மைதான்.

அந்த அசாம் அதிர்ச்சிக்குப் பிறகு இந்தியாவில் நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டன. அப்படி 1899-ல் கருவி பொருத்தப்பட்ட இடங்களில் ஒன்று நம் கொடைக்கானல் வானாய்வகம். அதாவது, பூமி ஆடுவதைப் பதிவுசெய்யும் கருவி நூறு வருடங்களுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால், கருவி பதிவுசெய்வது வேறு... கடற்கரையில் இருப்பவருக்குச் செய்தி சொல்வது வேறு.

ஹவாயில் ஒரு கிறிஸ்துமஸ் பிற்பகல்

2004 டிசம்பர் 26. இந்திய நேரம் காலை 6.29. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு மேற்கே, கடலுக்கு அடியில் பாறைத் தட்டு பிளந்தது. பிளவு அங்கேயே நிற்கவில்லை. வடக்கு நோக்கி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்துகொண்டே போனது. முழுசாகக் கிழிய எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆனது.

நிலத்துக்குள் ஓடும் அதிர்வு, சுமத்ராவிலிருந்து திருச்சி வரையிலான சுமார் 2,000 கிலோமீட்டரைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். பாட்டியின் தவலையைத் தட்டியது அதுதான். கடல் அலையோ ஆழ்கடலில் விமான வேகத்தில், அதாவது மணிக்கு 700-800 கிலோமீட்டரில் வந்தாலும், நம் கரையைத் தொட சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். பூமியே முன்கூட்டி ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அந்தச் செய்தி முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று, ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம். அங்கே டிசம்பர் 25, பிற்பகல் மூன்று மணி. கிறிஸ்துமஸ் விடுமுறை. பணியில் இருந்தவர்கள் ஸ்டூவர்ட் வைன்ஸ்டீன், பேரி ஹிர்ஷோர்ன் என்ற இரு விஞ்ஞானிகள். நிலநடுக்கம் நடந்து 15 நிமிடங்களில் முதல் அறிக்கையை அனுப்பினார்கள். அளவு 8.0, பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்றது அது.

அளவு தப்பு. பல நிமிடங்கள் கிழிந்துகொண்டே போகும் ஒரு பிளவை, முதலில் வந்து சேரும் அலைகளை மட்டும் வைத்து அளந்தால் சின்னதாகத்தான் தெரியும். சுமார் ஒரு மணி நேரம் கழித்து, 8.5 என்று திருத்தினார்கள். மையத்துக்கு அருகே சுனாமி வரலாம் என்றும் சேர்த்தார்கள். இறுதியாகக் கணக்கிடப்பட்டது 9.1. முதலில் சொன்ன 8.0-வைவிட அது சுமார் 45 மடங்கு அதிக ஆற்றல்!

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அவர்கள் மையம் பசிபிக் நாடுகளுக்கானது. 1949-லிருந்து அங்கே எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி எதுவுமே கிடையாது. கடலில் அலை எழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கருவி இல்லை. பார்த்தாலும் யாருக்கு போன் செய்வது என்ற பட்டியல் இல்லை. இலங்கையில் அலை புகுந்த செய்தியை, அந்த விஞ்ஞானிகளே இணையச் செய்தித்தளம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அப்போது நம் நேரம் சுமார் ஒன்பது மணி. நாகப்பட்டினத்தில் எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவே இன்னொரு வாய்ப்பும் கைநழுவியது. காலை ஏழரை மணி வாக்கில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் அலையில் சிக்கியது. அபாயச் செய்தி சென்னைப் பக்கம் வந்தது. ஆனாலும், மீனவக் குப்பங்களுக்கும் வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூடியிருந்த கூட்டத்துக்கும் அது போய்ச் சேரவில்லை.

போஸ்டர் ஒட்டிய விஞ்ஞானி

படித்தவற்றிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது கெரி சீ என்ற அமெரிக்க விஞ்ஞானியின் அனுபவம். சுமத்ராவை ஒட்டிய தீவுகளில் பவளப் பாறைகளைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர் அவர். பவளம் கடல் மட்டத்துக்கு மேல் வளராது. நிலம் உயர்ந்தால் அதன் தலை காய்ந்து செத்துப்போகும். தாழ்ந்தால் மறுபடி மேல்நோக்கி வளரும். மரத்தின் வளையங்கள்போல, அந்தக் கடலின் பழைய நிலநடுக்கங்கள் எல்லாம் பவளத்தில் எழுதப்பட்டிருக்கும். இந்தோனேசிய விஞ்ஞானி டேனி ஹில்மன் நாட்டவிஜயாவுடன் சேர்ந்து அதைப் படித்தபோது, பெரிய நிலநடுக்கங்கள் அங்கே திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2004 ஜூலையில் அந்தக் குழு தீவுத் தீவாகப் போய், நிலநடுக்கம் வந்தால், சுனாமி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று போஸ்டர் கொடுத்தது. மக்களைக் கூட்டிப் பேசியது. ஐந்தே மாதங்களில் பூமி பிளந்தது... ஆனால், அவர்கள் போய்ப் பேசிய தீவுகளுக்கு வடக்கே! போஸ்டர் போகாத கரைகளில்தான் அலை ஏறியது.

அந்த ஒரு நாளில் 14 நாடுகளில் சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில்.

அலையை நேரிலேயே சந்தித்த விஞ்ஞானிகளும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்ததும், ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். அதே நேரத்தில், அங்கே வேலை பார்ப்பவர்களின் குடியிருப்பில் புகுந்த தண்ணீர், அவர்களுடைய குடும்பத்தினர் பலரைக் கொண்டுபோய்விட்டது. கடமை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று அந்த ஊர் அனுபவித்ததை எந்தக் கருவியும் பதிவுசெய்திருக்காது.

காவிரி எழுதி வைத்த சேதி

'இந்த மாதிரி நம் கடலில் இதற்கு முன் நடந்ததே இல்லையே!' என்று அன்று எல்லோரும் சொன்னோம். அது உண்மையா?

சி.பி.ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் என்ற நிலநடுக்க ஆய்வாளர் தம்பதி, சுனாமிக்குப் பிறகு அந்தமானிலும் தமிழகக் கரையிலும் தோண்டித் தோண்டித் தேடினார்கள். காவிரி கடலில் கலக்கும் இடம், நம் காவிரிப்பூம்பட்டினம். அங்கே பழைய மண் அடுக்குகளுக்கு நடுவே, சுமார் ஆயிரம் வருடங்களுக்கு முன் கடல் வாரிக்கொண்டு வந்து போட்ட மணல் அடுக்கு கிடைத்தது. சோழர் காலத்தில் ஒரு சுனாமி வந்ததற்கான தடயம் அது என்று 2011-ல் அவர்கள் குழு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற அதே காவிரியின் கடைசிக் கரையில், சேதி ஆயிரம் வருடமாகப் புதைந்து கிடந்திருக்கிறது!

புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்வதை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 'கடல்கோள்' என்று தனிச் சொல்லே நம்மிடம் இருக்கிறது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதிலாக எழுதியிருக்கிறோம். ஆனால், கடல்கோள் வருவதற்கு முன் என்ன அடையாளம் தெரியும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது நம் கதையில் இல்லாமல் போய்விட்டது.

அது கதையில் இருந்த ஊர் ஒன்று உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்தில், நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமுலுவே தீவு. 1907-ல் அங்கே ஒரு சுனாமி வந்தது. அதற்குப் பிறகு பாட்டிகள் பேரக்குழந்தைகளுக்கு 'ஸ்மோங்' என்று ஒரு கதையைத் தாலாட்டாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தார்கள். பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு... கதை அவ்வளவுதான். 2004-ல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

ஏழே பேர்! கருவி இல்லை, சைரன் இல்லை. பாட்டிகளின் வாய்வழியாக வந்த ஒரு கதை மட்டும் இருந்தது.

'திருச்சிக்கெல்லாம் வராது' என்று சொல்லலாமா?

'நமக்கு மலைக்கோட்டை இருக்கு, பாறை பூமி. நிலநடுக்கமெல்லாம் வராது' என்று திருச்சியில் சாதாரணமாகச் சொல்வார்கள். 2002-ல் திருத்தப்பட்ட தேசிய வரைபடத்தில், ஆபத்து குறைவான இரண்டாம் மண்டலத்தில்தான் திருச்சி இருந்தது. பயப்படத் தேவையில்லை. ஆனால், 'குறைவு' என்பதற்கு 'இல்லை' என்று அர்த்தம் கிடையாது.

1900 பிப்ரவரி 8-ம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் வந்து தென்னிந்தியா முழுக்க உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவுக்கு ஆடியது. தக்காணப் பாறை அசையாது என்று நம்பியிருந்த மகாராஷ்டிராவின் கில்லாரியில், 1993 செப்டம்பர் 30 அதிகாலை ஆடிய ஆட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். முதல் நாள் விநாயகர் ஊர்வலம் முடிந்து அசதியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். மண் சாந்தில் அடுக்கிய கனத்த கல்சுவர்கள்தான் அவர்கள்மேல் விழுந்தன. ஆட்டத்தைவிட அதிகம் பேரைக் கொல்வது கட்டடம்தான் என்று விஞ்ஞானிகள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு விஷயம்... மலைக்கோட்டை நிற்பது கெட்டிப் பாறையில். ஸ்ரீரங்கம் இருப்பதோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆற்று மணலும் வண்டலும் சேர்ந்த தீவில். ஒரே அதிர்வு பாறையைவிட இளகிய மண்ணில் பெரிதாகத் தெரியும். தட்டைத் தட்டினால் தட்டு அதிர்வதற்கும், அதில் வைத்த கேசரி குலுங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்! அதனால், ஆற்றங்கரையில் அடுக்குமாடி கட்டுபவர்கள் மண் பரிசோதனையையும் பொறியாளர் சொல்லும் கம்பிக் கணக்கையும் செலவு என்று நினைத்துத் தவிர்க்கக் கூடாது.

இன்றைக்கு நிலைமை என்ன?

நல்ல செய்தி இருக்கிறது. 2004-ல் மத்தியக் கடல் மேம்பாட்டுத் துறையின் செயலாளராக இருந்தவர், நிலநடுக்க விஞ்ஞானி ஹர்ஷ் குப்தா. அவர் முன்னின்று தொடங்கிய முயற்சியில், 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11-ம் தேதி பிற்பகல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடல் நிலம் ஆடியபோது, சில நிமிடங்களிலேயே அங்கிருந்து எச்சரிக்கை வந்தது. கடற்கரைகள் காலி செய்யப்பட்டன. பாறைத் தட்டுகள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால், அன்று பெரிய அலை எழவில்லை. ஆனால், செய்தி வந்து சேர்ந்தது!

மையம் தன் வேலையைச் செய்துவிட்டாலும் கடைசி அடி நம் வீட்டில்தான். வேளாங்கண்ணி, நாகூர், பூம்புகார், ராமேஸ்வரம் என்று திருச்சிக்காரர்கள் கடலுக்குப் போகாத வருடம் உண்டா? கிளம்புவதற்கு முன் குழந்தைகளிடம் ஐந்து நிமிடம் இதைச் சொல்லுங்கள்.

* வீட்டுக்குள் இருக்கும்போது ஆடினால், மாடிப்படியில் விழுந்தடித்து ஓட வேண்டாம். கெட்டியான மேஜைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, தலையை மறைத்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

* வெளியில் இருந்தால் சுவர், மின்கம்பம், விளம்பரப் பலகை ஆகியவற்றிலிருந்து விலகித் திறந்த இடத்துக்குப் போங்கள்.

* கடற்கரையில் இருக்கும்போது தரை பலமாகவோ, நெடுநேரமாகவோ ஆடினால், கடல் திடீரென உள்வாங்கினால், வழக்கமில்லாத இரைச்சல் கேட்டால்... எச்சரிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே மேட்டுக்கோ, உறுதியான கட்டடத்தின் மேல் மாடிக்கோ போங்கள். உள்வாங்கிய கடலில் மீன் பொறுக்கவும் போட்டோ எடுக்கவும் போகவே கூடாது.

* முதல் அலைதான் பெரியது என்று நினைத்து இறங்கி வராதீர்கள். சுனாமி என்பது பல அலைகள். மணிக்கணக்கில் வரலாம். அதிகாரிகள் சொன்ன பிறகே திரும்புங்கள்.

* செல்போனில் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்து வைத்திருக்கிறீர்களா? இன்றே ஆன் செய்யுங்கள். பாட்டி, தாத்தா போனையும் பார்த்துவிடுங்கள்.

தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் 2004-ல் பெற்றோருடன் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்ததும் 'இது சுனாமி' என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் பூகோள வகுப்பில் அதைப் படித்திருந்தாள். சுமார் நூறு பேர் கரையேறிப் பிழைத்தார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கும் பத்து வயதுதானே?

மாமா இன்றும் நாகப்பட்டினம் பக்கம் போவதில்லை. இந்தக் கட்டுரைக்காக அவரிடம் பேசியபோது, அலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு அம்மாகிட்ட பேசி முடிச்சுட்டு, அந்த டீக்கடைக்காரர்கிட்டயும் கட்டில் ஆடுச்சான்னு கேட்டேன். ஆமா சார்னாரு. அவரும் சிரிச்சாரு" என்றார்.

பாட்டிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். பவளம், மணல் அடுக்கு, ஹவாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிமுலுவே பாட்டிகளின் கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுநாள் அக்கா மகனுக்குச் சோறு ஊட்டும்போது, "ஒரு ஊர்ல பூமி ஆடுச்சாம்... கடல் உள்ளே போச்சாம்... உடனே அந்தப் பையன் என்ன பண்ணினான் தெரியுமா?" என்று ஆரம்பித்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் இன்று இரவு அந்தக் கதையைச் சொல்லுங்களேன்!